பழைய குளிசைக்குப் புதுத் தொழில்



2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கார்த்திகைக் கடைசியில் கொட்டிய பெருமழையில் வயலும் ஒழுங்கையும் ஒன்றாய்க் கிடந்தன. வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. வடமராட்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. முதலில் பெயர் தெரியாத காய்ச்சல் என்றார்கள். பிறகு எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. உயிர்களும் போயின. அப்போது வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கையில் கொடுத்த குளிசையின் பெயர் டொக்சிசைக்கிளின்.

அந்தக் குளிசை 1967இல் பாவனைக்கு வந்தது. அதன் வேலை என்னவென்று கேட்டால் கிருமியை அடக்குவது என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் அதே மருந்தை 20 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில், முரசு வருத்தத்துக்குக் கொடுக்க 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 20 மில்லிகிராமுக்குக் கிருமி சாகாது. முரசின் தசையைக் கரைக்கும் ஒரு நொதியத்தை மட்டும் அது தடுக்கிறது. கிருமி வாயிலேதான் இருக்கிறது. அதனால் வரும் அழிவு குறைகிறது. ஒரே மருந்து, இரண்டு தொழில்!

இன்றைய பேச்சின் பொருள் இதுதான். ஒரு நோய்க்கென்று வந்த பழைய மருந்தை இன்னொரு நோய்க்குத் திருப்புவது. அதிலும், கிருமியைக் கொல்லாமல் அதன் பலத்தைக் குறைக்கத் திருப்புவது.

ஏன் கொல்லக் கூடாது? கொன்றால்தானே நிம்மதி என்று கேட்பீர்கள். எண்பது ஆண்டுகளாக மருத்துவம் அதைத்தான் செய்தது. பெனிசிலின் வந்தது, கொன்றது. ஸ்ரெப்ரோமைசின் வந்தது, கொன்றது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சாகாமல் தப்பியது சிறு கூட்டம் ஒன்று. அந்தச் சிறு கூட்டம் பெருகியது. அடுத்த மருந்துக்கும் அதேபோல் ஒரு கூட்டம் தப்பியது. தப்பியதெல்லாம் சேர்ந்து, எந்த மருந்துக்கும் அசையாத கிருமியாக இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிற்கிறது. புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்து, சோதித்து, பார்மசித் தட்டில் கொண்டுவந்து வைக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போய்விடும். கிருமிக்கு ஒரு தலைமுறை சில மணிநேரம். சிலவற்றுக்கு அரை மணிநேரமும் இல்லை. இந்த ஓட்டத்தில் யார் முந்துவார்?

ஆகவே சிலர் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினார்கள். கிருமி நம்மை எப்படி வீழ்த்துகிறது? அதனிடம் நஞ்சு இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் பசை இருக்கிறது, மருந்தை வெளியே தள்ளும் வழி இருக்கிறது, தன் கூட்டத்தோடு சேதி பேசும் முறையும் இருக்கிறது. இவற்றில் ஒன்றைப் பிடுங்கினால் மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளாதா? பிடுங்குவதற்கான மருந்து, வேறு ஏதோ வருத்தத்துக்கென்று ஏற்கனவே தட்டில் இருக்கிறதா?

இருந்தது. அதை முதலில் காட்டியது ஆய்வுகூடம்கூட அல்ல, ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு.

ஜப்பானில் சுவாசச் சிறுகுழாய்களைக் கெடுக்கும் வருத்தம் ஒன்று இருந்தது. ஓயாத இருமல், கோப்பை கோப்பையாகச் சளி, கடைசியில் சூடோமோனஸ் என்ற பற்றீரியா நுரையீரலில் குடிகொண்டுவிடும். 1970களில் இந்த வருத்தம் கண்டவர்களில் ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 63 பேர்தான். ஷோஜி குடோ என்ற நுரையீரல் வைத்தியரிடம் ஒரு நோயாளி வந்தார். ஆள் நன்றாகத் தேறியிருந்தார். எப்படி என்று குறிப்பைப் புரட்டினால், ஊரிலிருந்த சாதாரண வைத்தியர் ஒருவர் அவருக்கு எரித்ரோமைசினை நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்திருந்தார்.

இதில் என்ன புதுமை? எரித்ரோமைசின் சூடோமோனஸைக் கொல்லாது! மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விடயம் அது. கொல்லாத மருந்து எப்படி ஆளைத் தேற்றியது? குடோ அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் அதே குறைந்த அளவைக் கொடுத்துப் பார்த்தார். 1985க்குப் பிறகு ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 91 பேர்.

காரணம் பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது. இந்த வகை மருந்து குறைந்த அளவில் நுரையீரலின் அழற்சியைத் தணிக்கிறது. கூடவே, பற்றீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் குழப்புகிறது. பற்றீரியா பேசுமா? பேசும். ஒவ்வொன்றும் ஒரு சிறு இரசாயனத்தை வெளியே விடும். சுற்றிலும் அந்த இரசாயனம் கூடிவிட்டால், ஆள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை சும்மா கிடந்த கூட்டம் அப்போதுதான் நஞ்சை அவிழ்த்துவிடும், பசைக்கூட்டைக் கட்டும். சேதி போகாவிட்டால்? கூட்டம் இருக்கும், தாக்குதல் இருக்காது.



சேதியைக் குழப்புவது ஒரு வழி. இன்னொரு வழியைச் சொல்வதற்குப் பாசையூர்க் கரைக்குப் போவோம்.

வள்ளம் கடலில் நிற்கிறது. பலகை இடுக்கால் தண்ணி உள்ளே வருகிறது. வள்ளக்காரர் என்ன செய்வார்? ஒரு வாளியை எடுத்துக் கோரிக் கோரி வெளியே ஊற்றுவார். உள்ளே வருவதைவிட வெளியே போவது கூடவாக இருந்தால் வள்ளம் தாழாது. பற்றீரியாவும் இப்படித்தான். மருந்து அதன் உடம்புக்குள் நுழைகிறது. கிருமியின் சுவரில் உள்ள பம்புகள் அந்த மருந்தை அள்ளி அள்ளி வெளியே இறைக்கின்றன. மருந்து நல்ல மருந்துதான். அளவும் சரியான அளவுதான். ஆனால் உள்ளே தங்கினால்தானே வேலை செய்யும்? வள்ளக்காரரின் வாளியைப் பறித்துவிட்டால்? புதிய மருந்து வேண்டாம். பழைய மருந்தே போதும். வள்ளம் தானாகத் தாழும்.

அந்த வாளியைப் பறிக்கக்கூடிய மருந்துகளில் ஒரு வகை, மனநோய்க்குக் கொடுக்கும் குளிசைகளாக இருந்தது. 1952இல் பாரிசில் மனநோயாளிகளுக்குக் குளோர்ப்புரோமசின் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் வேதியியல் வேர் மெதிலீன் நீலம் என்ற சாயத்தில் இருக்கிறது. போல் ஏர்லிக் என்ற ஆய்வாளர் அதே சாயத்தை 1891இலேயே மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தவர். ஆக, கிருமிக்கு எதிரான குணம் இந்தக் குடும்பத்துக்குப் பிறவியிலேயே உண்டு. கல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சுஜாதா தஸ்திதாரும் உடன் ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார்கள். மனநோய் மருந்து, ஒவ்வாமை மருந்து, இருதய மருந்து என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பற்றீரியாவின் மேல் போட்டுப் பார்த்தார்கள். கிருமிக்கென்று செய்யப்படாத மருந்துகள் பல, கிருமியைத் தடுத்தன.

ஆனால் ஒரு சிக்கல். ஆய்வுகூடக் கிண்ணத்தில் கிருமியைத் தடுக்கத் தேவைப்பட்ட அளவை ஒரு மனிதருக்குக் கொடுத்தால் மனிதர் தாங்கமாட்டார். எத்தனையோ நல்ல ஆய்வுகள் வந்து முட்டி நின்ற சுவர் இது. காசநோயில் மட்டும் அந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தது. காசநோய்க் கிருமி நம் வெள்ளணுக்களுக்குள் போய் ஒளிந்திருக்கும். மனநோய் மருந்துகளும் அதே வெள்ளணுக்களுக்குள் போய்த் தேங்கும். இரத்தத்தில் குறைவாக இருந்தாலும் கிருமி ஒளிந்திருக்கும் இடத்தில் கூடவாக இருக்கும்.

மும்பாயில் இது படிப்பறையை விட்டு வார்டுக்கு வந்தது. இந்துஜா வைத்தியசாலையின் சரிர் உட்வாடியா, எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் கொண்ட நான்கு நோயாளிகளைப் பற்றி 2011 கடைசியில் எழுதியபோது உலகமே திடுக்கிட்டது. அந்த நிலையில் வைத்தியர் என்ன செய்வார்? கைவிரித்துவிட முடியுமா? அவர் தயோறிடாசின் என்ற பழைய மனநோய்க் குளிசையையும் வேறு வழியில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அது சாதாரண முடிவல்ல. தயோறிடாசின் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். அந்தக் காரணத்தால் 2005இல் அதைச் செய்த நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. பழைய மருந்து என்றால் பாதுகாப்பான மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் ஆபத்து நமக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். அந்தத் தெரிதலும் பெரிய சொத்துத்தான்.

அதே வாளியைப் பறிக்க, இருதயத்தை இவ்வளவு பயமுறுத்தாத மருந்து வேறு ஏதும் உண்டா? இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. விரல் நீளம்கூட இல்லாத வரிமீன் குஞ்சுகளை வைத்துக் காசநோயைப் படிப்பவர். மீன்குஞ்சின் உடம்பு கண்ணாடி போன்றது. உள்ளே வெள்ளணு கிருமியை விழுங்குவதை நுணுக்குக்காட்டியில் உயிரோடு பார்க்கலாம். 2011இல் அவரது குழு கண்டது இது: கிருமி வெள்ளணுவுக்குள் நுழைந்ததும் தன் பம்புகளை முடுக்கிவிடுகிறது. ஆறு மாதம் மருந்து குடிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதினார்கள். கிருமியின் மரபணு மாறவில்லை. எதிர்ப்புச் சக்தி பெற்ற புதுக்கிருமியும் அல்ல. சாதாரணக் கிருமியே இறைத்து இறைத்துத் தப்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பம்பை நிறுத்த அவர்கள் எடுத்த மருந்து எது தெரியுமா? வெறப்பமில்.

இந்த மண்டபத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். பிரஷருக்கும் இருதயத் துடிப்புக்கும் கொடுக்கிற அதே வெறப்பமில்தான்.

மீன்குஞ்சிலிருந்து மனிதருக்கு வருவதற்கு ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் நமக்கு அண்டையிலே, சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம் அது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க்காரரை மலைப்பக்கச் சானிட்டோரியத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், நெரிசலான மதராஸ் வீடுகளிலேயே வைத்துக் குளிசை கொடுத்தாலும் குணமாகும் என்று 193 நோயாளிகளைக் கொண்டு 1959இல் காட்டியவர்கள். பாயும் பாத்திரமும் ஒன்றாகப் புழங்கும் வீடுகளில் நடந்த அந்த ஆய்வுதான் பிறகு உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே சுகப்படுத்தும் வழியைத் திறந்தது.

அந்த நிலையத்தார் வெறப்பமிலை எடுத்தார்கள். காசநோயின் முதன்மை மருந்தான றிஃபம்பிசினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே ஒரு தடை. றிஃபம்பிசின் ஈரலைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட ஈரல் வெறப்பமிலை அவசரமாக உடைத்துத் தள்ளிவிடும். வாளியைப் பறிக்கப் போனவரை வழியிலேயே மறித்த மாதிரி! எனவே எவ்வளவு கொடுத்தால் இரத்தத்தில் போதுமான அளவு நிற்கும், இருதயத்துக்கும் கெடுதல் வராது என்பதை நோயாளியின் இரத்தத்தை மணிக்கணக்குப்படி எடுத்து அளந்தார்கள். பத்திரிகைத் தலைப்பில் வராத வேலை. அது இல்லாமல் அடுத்த படி இல்லை.

அதே நிலையம் மெற்போமினையும் எடுத்தது. மெற்போமின் என்றால் இங்கே அறிமுகம் தேவையில்லை. சீனி வருத்தம் உள்ள வீடு ஒவ்வொன்றிலும் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் குளிசை. 2014இல் சிங்கப்பூரில் அமித் சிங்காலும் கூட்டாளிகளும் எலிகளில் பார்த்தபோது, இந்தக் குளிசை வெள்ளணுவை முடுக்கி அதற்குள் ஒளிந்த காசநோய்க் கிருமியை அடக்க உதவியது. பழைய நோயாளர் பதிவுகளைத் திருப்பிப் பார்த்ததில், மெற்போமின் குடித்த சீனி வருத்தக்காரருக்குக் காசநோய் வந்தபோதும் அது கொஞ்சம் தணிந்தே இருந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது.

சென்னை நிலையத்தின் தலைமையில், சீனி வருத்தம் இல்லாத 322 காசநோயாளிகளைச் சேர்த்து, பாதிப்பேருக்கு வழமையான மருந்தோடு மெற்போமினும் கொடுத்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. மெற்போமின் குடித்தவர்களின் சளியில் கிருமி மறைய 42 நாள் எடுத்தது. குடிக்காதவர்களுக்கு 41 நாள்.

ஒன்றுமில்லை என்றா சொல்வது? அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் அவர்கள் நெஞ்சுப் படத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தின் பின், நுரையீரலில் குழி விழுந்தவர்களின் தொகை மெற்போமின் குடித்தவர்களிடம் குறைவாக இருந்தது. அழற்சியின் அடையாளங்களும் தணிந்திருந்தன. காசநோய் சுகமான பிறகும் படியேற மூச்சு வாங்கும் மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கும். கிருமி போகும், அது தோண்டிய குழி போகாது. எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல், கிடைத்ததை மிகைப்படுத்தாமல் எழுதிய அந்த ஆய்வாளர்களை இந்த மேடையிலிருந்து பாராட்டத்தான் வேண்டும்.

இன்னுமொரு மருந்தின் கதை. இது ஏறக்குறைய எழுபது ஆண்டுக் கதை.

1950களில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வின்சென்ற் பரி என்பவர் காசநோய்க்கு மருந்து தேடினார். பாறையில் படரும் லைக்கன்களில் உள்ள ஒரு பொருளில் தொடங்கிய தேடல், குளோபசிமின் என்ற செந்நிற மருந்தில் வந்து முடிந்தது. எலியில் நன்றாக வேலை செய்தது. மற்ற விலங்குகளில் ஏமாற்றியது. காசநோய்க்கு உதவாது என்று ஒதுக்கினார்கள். 1962இல் நைஜீரியாவில் ஸ்ரான்லி பிறவுண் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தார். பலித்தது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து 1983இல் இலங்கைக்கு வந்தபோது அந்த அட்டையில் குளோபசிமினும் இருந்தது.

அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? 28 நாளுக்கான அட்டை. மேலே, மாதத்தில் ஒருநாள், வைத்தியசாலையில் வைத்தே விழுங்கவேண்டிய பெரிய குளிசைகள். கீழே நாளுக்கொன்றாக வெள்ளை டப்சோன். அதற்குப் பக்கத்தில் கபில நிறத்தில் பளபளக்கும் சின்னக் குளோபசிமின் உருண்டை. பன்னிரண்டு அட்டை முடிந்தால் நோய் முடிந்தது. ஆனால் அந்தச் சின்ன உருண்டை தோலைச் செம்மை படரக் கறுக்க வைக்கும். வெயில் பட்ட கன்னமும் கையும் முதலில் மாறும். மருந்தை நிறுத்திப் பல மாதம் சென்றபின்தான் பழைய நிறம் திரும்பும். கலியாண வயதில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை அந்த மாதங்களைக் கண்ணாடி முன் எப்படிக் கடப்பாள்? நோயை மறைத்தாலும் மருந்து காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயத்தில் அட்டையை ஒளித்து வைக்கிற வீடும் உண்டு. நிறம் திரும்பும், மருந்தை விடாதே என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் இருந்தால் அட்டை பன்னிரண்டும் முடியும்.

இனி, காசநோய்க்கு உதவாது என்று ஒதுக்கியது என்ன ஆனது? வங்காளதேசத்தில் மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு வேறு வழி தேடியவர்கள் அதை மீண்டும் எடுத்தார்கள். குளோபசிமினும் சேர்ந்த ஒன்பது மாதச் சிகிச்சையில் 206 நோயாளிகளில் நூற்றுக்கு 88 பேரளவில் திரும்ப வராமல் சுகமானதாக 2010இல் அறிவித்தார்கள். அதற்கு முன் இத்தகைய நோயாளிகளுக்கு இருபது மாதத்துக்கு மேல் மருந்து. காசநோய்க்கென்று பிறந்து, தொழுநோய்க்குப் போய், அறுபது வயதை நெருங்கும்போது பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்த மருந்து அது!

இவ்வளவு வாய்ப்பு இருந்தால் பெரிய மருந்து நிறுவனங்கள் ஏன் ஓடிவருவதில்லை? பதில் எளிது. வெறப்பமிலும் மெற்போமினும் காப்புரிமை தீர்ந்த மருந்துகள். யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வு செய்தவருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரே விலைதான். ஆகவே இந்த வேலையைப் பொதுப்பணத்தில் நடக்கும் நிலையங்கள்தான் செய்யவேண்டும். இலங்கைக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல. வணிகப் பெயரைப் பார்க்காதே, மருந்தின் பெயரைப் பார், தேவையானதை மலிவாய் வாங்கு என்று சொல்லி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைக் கட்டியவர் சேனக பிபிலே. இன்றும் அரச கிளினிக்குகளில் இந்தக் குளிசைகள் இலவசமாகக் கிடைப்பதில் அவர் போட்ட பாதைக்கும் பங்கு உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. 1978இல் தொடங்கிய மருத்துவபீடம் இங்கே இருக்கிறது. போதனா வைத்தியசாலை இருக்கிறது. சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வரும் மனிதர்களின் கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் திகதி என்று தாதியர் கைப்பட எழுதிய கொப்பிகள். மெற்போமின் குடித்தவருக்குக் காசநோய் எப்படி வந்தது, குடிக்காதவருக்கு எப்படி வந்தது? வெறப்பமில் குடிப்பவரின் நெஞ்சுச் சளி எத்தனை நாளில் தெளிந்தது? இதைப் பார்க்கக் கோடி ரூபா இயந்திரம் வேண்டாம்; கொப்பிகளை ஒழுங்காகச் சேர்த்து, நோயாளியின் சம்மதத்தோடு, பொறுமையாக எண்ணிப் பார்க்கும் நான்கு பிள்ளைகள் போதும். ஜப்பானில் எல்லாம் தொடங்கியது ஒரு குறிப்பைப் புரட்டியதில்தானே?

ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் அம்மாவின் பிரஷர்க் குளிசையை இருமலுக்கு எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வெறப்பமில் தேவையில்லாதவருக்கு இருதயத் துடிப்பைத் தளர்த்திவிடும். எலிக்காய்ச்சல் காலத்தில் தந்த டொக்சிசைக்கிளினில் மிச்சம் இருந்தால் அதையும் அடுத்த காய்ச்சலுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். மேலே சொன்ன மருந்துகள் எதுவும் தனியாக நின்று காசநோயைச் சுகப்படுத்தவில்லை. வழமையான மருந்துக்குத் துணையாகத்தான் நின்றன.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். உங்கள் வீட்டில் அப்படி ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் பாணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் மார்பு நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை. காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்செடுத்து இருமி எடுக்கும் சளிதான் பரிசோதனைக்கு நல்லது.